நூறு போதும்

செண்பகவல்லியின் குரல் போய்க்கொண்டிருந்தது.

ஆத்தூர்ப் பக்கம், ஜவ்வரிசி ஆலைகளுக்கு நடுவே இருந்தது அவருடைய சின்ன மடம். ஞாயிறுதோறும் ஆலைப் பெண்கள் வந்து அவர் பேச்சைக் கேட்டுவிட்டுப் போவார்கள். பாதிப் பேருக்கு எழுத்து தெரியாது. தொண்டையில் கட்டி என்றும், மறுநாள் காலை சேலத்தில் அறுவை சிகிச்சை என்றும் அவர்களுக்குத் தெரியும். குரல் திரும்ப வருமா என்று கேட்டதற்கு மருத்துவர் மேசையைப் பார்த்தார். அதுவும் தெரியும்.

சீடன் ஏகாம்பரம் குருவைவிட இரண்டு வயது மூத்தவன். அவர் அவனை அண்ணே என்பார், அவன் அவரை அம்மா என்பான். புதிதாக வருகிறவர்களுக்குத்தான் அதில் குழப்பம்.

அவன் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் அவன்தான். அதனால் மடத்துக்கு ஆங்கிலத்தில் எந்தக் காகிதம் வந்தாலும் அவன் கைக்குப் போகும். புரிந்தாலும் புரியாவிட்டாலும் தலையாட்டி வாங்கிக்கொள்வான்.

அம்மாவின் குரலைப் பதிந்து தரச் சொல்லிப் பெண்கள் அவனிடம் கேட்டிருந்தார்கள். போனில் பதிந்து பார்த்தான். ஆலை மோட்டாரின் இரைச்சல் துல்லியமாகக் கேட்டது. அம்மா எங்கோ கிணற்றுக்குள் இருந்தார். பிறகு ஒரு மாதம் தேடி ஜப்பானிலிருந்து ஒரு ஒலிப்பதிவுக் கருவியை வரவழைத்தான். சுங்கத்தில் கிடந்துவிட்டு அது அன்று மதியம்தான் வந்து சேர்ந்தது.

ஆலையில் சாப்பாட்டு நேரம். மோட்டார்கள் நின்றிருந்தன. மடத்து மின்விசிறி அபூர்வமாக முழு வேகத்தில் சுற்றியது. நல்ல சகுனம் என்று ஏகாம்பரம் நினைத்தான்.

கருவியின் பிளக்கில் இரண்டு தட்டைக் கம்பிகள். நம் ஊர்ச் சுவரில் செருகுவதற்கென்று வாங்கி வைத்திருந்த மாற்றுப் பின்னை அதில் மாட்டினான். கச்சிதமாகப் பொருந்தியது.

“கரண்டு எல்லாம் பாத்துட்டீங்களாண்ணே?” செண்பகவல்லியின் குரல் காற்றாக வந்தது.

“பாத்துட்டேம்மா. அதைப் பாத்துத்தான் இதையே எடுத்தேன். இதுக்கு நூறு வோல்ட் போதுமாம்.”

“போதுமாம்னா?”

“நம்ம ஊர்ல என்னிக்கும்மா முழுசா இருநூத்தி முப்பது வந்திருக்கு? ஆலை ஓடினா ஃபேன் இறக்கையை எண்ணிடலாம். இது நூறுக்கே ஓடும். அதுக்கு மேல வந்தா இன்னும் நல்லா ஓடும்.”

அவர் கருவியைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார்.

“அதை அங்க வெச்சுட்டு முதல்ல சாப்பிட வாங்க.”

சோறு போட்டார். டம்ளரில் மோர் ஊற்றினார். பாதி வந்ததும் அவன், “போதும்மா” என்றான்.

அவர் ஊற்றிக்கொண்டே இருந்தார். டம்ளர் நிறைந்தது. மோர் தரையில் ஓடி அவன் வேட்டியை நனைத்தது.

“அம்மா, போதும்னேன்.”

“கேட்டுச்சு. பாதியே போதும்ங்கறீங்க. ரொம்ப ஊத்தினா இன்னும் நல்லா குடிப்பீங்கன்னு நினைச்சேன்.”

ஏகாம்பரம் வேட்டியைப் பிழிந்தான். பிழிந்துகொண்டே கருவியைப் பார்த்தான். எழுந்து போய் அதன் பின்பக்கத்தைத் திருப்பினான். பிறகு தன் போன் சார்ஜரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். அதில் 100 என்று இருந்தது, பக்கத்தில் ஒரு சின்னக் கோடு, அப்புறம் 240. கருவியில் 100 மட்டும்தான் இருந்தது. கோடு இல்லை. நூறுக்கு மேல் அது தாங்காது.

“கரண்டுல மாட்டியிருந்தா?” என்றான்.

“எங்கப்பா மோட்டாருக்குச் செம்புக் கம்பியில காயில் கட்டினவரு. காயில் எரிஞ்ச வாடை எனக்கு நல்லாத் தெரியும்ணே.”

அவன் சேலத்தில் தெரிந்த கடைக்கெல்லாம் போன் செய்தான். கரண்டை நூறுக்கு இறக்கித் தருகிற டிரான்ஸ்பார்மர் எங்கும் கையிருப்பில் இல்லை. செய்து தர நாலு நாள் ஆகும் என்றார்கள். நாளைக்கு வேண்டும் என்றான். அப்படியென்றால் நாலு நாள் முன்னால் கேட்டிருக்க வேண்டும் என்றார் ஒரு கடைக்காரர்.

போனை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான்.

“வித்தவங்ககிட்டக் கேட்டிருக்கலாமே,” என்றார் அவர்.

“அவங்க வெப்சைட்டுல கேள்வி எழுத ஒரு கட்டம் இருந்துச்சும்மா. மூணு தடவை எழுதி மூணு தடவை அழிச்சேன். என் இங்கிலீஷைப் பாத்துச் சிரிப்பாங்களோன்னு.”

“ஜப்பான்லேர்ந்தா?”

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலானது. அடங்கும்வரை அவன் தண்ணீரை நீட்டிக்கொண்டு நின்றான்.

“சரி, எங்கிட்டயாவது கேட்டிருக்கலாம்.”

“உங்ககிட்டப் போய் வோல்டேஜ் கேக்கறதா? நான்தானே இங்க படிச்சவன்.” சொன்ன பிறகு அவன் தலை குனிந்துகொண்டான். “உங்ககிட்ட வந்து ஆறு வருஷமாச்சு. புரியலைன்னு ஒரு நாளும் சொன்னதில்லைம்மா. எல்லாத்துக்கும் தலையாட்டினேன்.”

“தெரியும்.”

வெளியே சங்கு ஊதியது. ஆலை மோட்டார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. மின்விசிறி தளர்ந்தது.

“நாளைக்கு அப்புறம் அந்தப் பொம்பளைங்க வந்து நின்னா நான் என்னம்மா குடுப்பேன்? ஒண்ணுமே எங்கிட்ட இல்லையே.”

“சாயங்காலம் வரைக்கும் குரல் தாங்கும். கேளுங்கண்ணே.”

ஏகாம்பரம் நிமிர்ந்தான். வழக்கம்போல் தலையாட்டப் போனவன், பாதியில் நிறுத்தினான்.

“புரியலைம்மா. நீங்க பேசறதை நான் கேக்கணுமா, இல்ல நான் உங்களைக் கேள்வி கேக்கணுமா?”

“இப்பக் கேட்டீங்களே, அந்த மாதிரி,” என்றார் செண்பகவல்லி.