வரித்தலை வாத்தின் இரண்டு கோடுகள்

பறவைக்கும் மனுசருக்கும் ஒரே பேச்சாக இருந்த காலம் அது. வடக்கே, பனிமலைக்கும் அப்பால், மரம் மட்டை இல்லாத வெட்டவெளியில் ஒரு ஏரி. அதில் ஒரு பெரிய வாத்து. உடம்பு சாம்பல், தலை மட்டும் பால் வெள்ளை. குளிர் வந்தால் வெந்நீர் ஊற்றோரம் ஒதுங்கிக் கிடக்கும். மலையைத் தாண்டி அது பறந்ததே இல்லை.

ஓர் ஆடி மாதம் தெற்கேயிருந்து பேராச்சி என்று ஒருத்தி நடந்தே அங்கு வந்து சேர்ந்தாள். கோயில் சுவரில் படம் எழுதுகிறவள். அவள் ஊர்க்காரர்கள் பனிமலை எழுதச் சொன்னார்கள். வேறு ஆளாக இருந்தால் பஞ்சுப் பொதியைப் பார்த்து மலை எழுதிவிட்டுக் கூலி வாங்கிப் போயிருப்பான். இவள், கண்ணால் பார்க்காததை எழுத மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். புருஷன் சங்கிலிமாடன் எவ்வளவோ தடுத்துப் பார்த்தான். அடுத்த பொங்கலுக்கு உன் முன்னால் நிற்பேன் என்று அவனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, அவல் மூட்டையும் வர்ணப் பொட்டலமுமாகக் கிளம்பிவிட்டாள்.

ஏரிக்கரையில் துணியை விரித்து நாலு மூலையிலும் கல்லை வைத்தாள். காலையில் வர்ணம் உறைந்து கிடக்கும். சிரட்டைகளை மடியில் கட்டிச் சூடேற்றித்தான் தூரிகையைத் தொட முடியும். இரண்டாம் நாளே வாத்து வந்து வழிமறித்தது. ஏரி என்னுது, கரை என்னுது, நானும் படத்தில் இருக்கிறேன், கூலி என்ன என்று கேட்டது. பேராச்சி லேசுப்பட்டவளா? நாளுக்கு இரண்டு பிடி அவல் கேட்ட வாத்தை அரைப் பிடிக்கு இறக்கினாள்.

அந்த அத்துவானத்தில் அவளுக்குப் பேச்சுத்துணை அந்தப் பேரம்தான். எழுதிக்கொண்டே ஊர்க் குளத்தைப் பற்றிச் சொல்வாள். கோடு சரியாக விழுகிறதா என்று தூரிகையைச் சங்கிலிமாடன் முழங்கையில்தான் இழுத்துப் பார்ப்பாள் என்பதையும் சொன்னாள். முதலில் ஒரு நீளக் கோடு, கீழே ஒரு சின்னக் கோடு. அதைக் கழுவாமலே அவன் ஊரெல்லாம் திரிவானாம். ஒரு குளத்துக்கும் ஒரு கைக்குமா இந்த ஏக்கம் என்று வாத்து சிரித்தது.

ஆவணி முடியப்போகையில் துணியில் மலை வந்தது, ஏரி வந்தது, வாத்தும் வந்தது. வாத்தின் கண் ஒன்றுதான் பாக்கி. அவர்கள் தொழிலில் கண்ணைக் கடைசியில்தான் திறப்பார்கள். அதுவும் உரிய உயிர் எதிரே நிற்க வேண்டும். கண் திறக்காத படத்தைச் சுவரேற்ற மாட்டார்கள். இதையும் அவள்தான் வாத்திடம் சொல்லித் தொலைத்திருந்தாள்.

வாத்து நடு ஏரிக்குப் போய் நின்றுகொண்டது.

"கண்ணுக்கு மூட்டையில பாதி குடு."

"வழிக்கு நான் என்னத்தத் திங்க?"

"அது உன் பாடு."

பேராச்சி வாயில் வந்தபடி ஏசினாள். ஒரு பிடிக்கு மேல் தர மாட்டேன் என்றாள். பனி விழுமுன் மலைக் கணவாயைத் தாண்டினால்தான் பொங்கலுக்கு ஊர். நாளைக்கு இது இறங்கி வரும் என்று அவள் நினைத்தாள். நாளைக்கு இவள் இறங்கி வருவாள் என்று அது நினைத்தது. பேரத்தில் எல்லாரும் விலையைத்தான் பார்க்கிறோம், எவன் பொழுதைப் பார்க்கிறான்? மூன்று நாள் போனது. நாலாம் நாள் காலையில் கணவாய் இருந்த இடமே தெரியவில்லை. எல்லாம் வெள்ளை.

பேராச்சி ஏசவில்லை. மூட்டையைக் கொண்டுவந்து தண்ணீரோரம் வைத்தாள். "இந்தா, முழுசாத் தின்னு. இனி எனக்கு எந்த வழி இருக்கு, வழிக்குச் சோறு வேணும்னு சொல்ல?"

வாத்து அவலைத் தொடவில்லை. கரையேறி வந்து தலை குனிந்து நின்றது. அவள் விளக்குக்கரியை வேலம்பிசினில் குழைத்தாள். கோடு பார்க்க எந்தக் கையும் இல்லை. எதிரே இருந்த வெள்ளைத் தலையில் இழுத்தாள், நீளமாக ஒன்று, கீழே சின்னதாக ஒன்று. பிறகு ஒரே தொடலில் படத்தின் கண்ணைத் திறந்தாள்.

வாத்தால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நானே போய் உன் புருஷனிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்றது. மலைக்கு மேலே எந்தப் பறவையும் பறந்ததில்லையே என்றாள்.

"வழிய அடைச்சது நான். நான்தான் பறக்கணும்."

மூச்சு முட்ட மலையைத் தாண்டி, மார்கழியில் அவள் சொன்ன ஊர்க் குளத்தில் வந்து இறங்கியது. சங்கிலிமாடன் கரையில் வடக்கே பார்த்து உட்கார்ந்திருந்தான். வாத்தின் தலையைப் பார்த்தவன் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வந்தான். அந்தக் கோடுகளின் மேல் விரலை வைத்தான்.

"இருக்காளா?"

"இருக்கா. கணவாய் அடைச்சுக் கிடக்கு. இடையர் விட்டுப்போன கல்குடிசையில இருக்கா. நான் பங்குனியில திரும்புவேன், என்ன சொல்லட்டும்?"

"படம் கிடக்கட்டும், வான்னு சொல்லு."

வாத்து போய்ப் பார்த்தபோது குடிசை காலி. பனி இளகிய கையோடு அவள் கிளம்பியிருந்தாள். படமும் இல்லை. வாசல் கல்லின் மேல் ஒரு சின்ன முடிச்சு இருந்தது. அவிழ்த்தால் அவல். தின்றது போக மிஞ்சியதில் பாதியை, கண்ணுக்குக் கேட்ட கூலியாக வைத்துவிட்டு அவள் வழி நடந்திருக்கிறாள்.

மறு மார்கழியில் வாத்து குளத்துக்கு வந்தது. இறங்குமுன்பே சங்கிலிமாடன் கேட்டான், "அவ எங்க?"

இங்கே வந்திருப்பாள் என்று அது நினைத்திருந்தது. அங்கே இருப்பாள் என்று அவன் நினைத்திருந்தான்.

அந்தக் கரிக்கோடு எந்தத் தண்ணீரிலும் கரையவில்லை, குஞ்சுகளின் தலையிலும் இறங்கியது. அந்த வருஷத்திலிருந்துதான் வரித்தலை வாத்து மார்கழியில் தெற்கே வருகிறது, பங்குனியில் வடக்கே போகிறது, போகும்போதும் வரும்போதும் மலைவழியெல்லாம் அவளைக் கூப்பிட்டுக்கொண்டே பறக்கிறது.