அடைக்கோழி ஏறிய தோணி

ராஜாக்கள் யானைமேல் போன காலம் அது. ஏழைகள் நடந்து போன காலம். இரண்டுக்கும் நடுவே மாட்டு வண்டியில் போனவர்களும் கொஞ்சம் பேர் இருந்தார்கள். நம் கதை அவர்களில் ஒருவனைப் பற்றியது. காலை நீட்டாமல் உட்கார்ந்து கேளுங்கள், சின்னக் கதைதான்.

ஏர்க்குடியில் உலகன் என்றொரு வண்டிக்காரன் இருந்தான். மாடு பார்க்கிற கண் அவனுக்கு வாய்த்த மாதிரி சுற்றுவட்டாரத்தில் யாருக்கும் வாய்க்கவில்லை. காளைக்கு எந்த இடத்தில் மயிர்ச்சுழி இருந்தால் குடும்பம் தழைக்கும், எந்த இடத்தில் இருந்தால் ஆகாது என்று விரலை வைத்துச் சொல்வான். சந்தையில் நாலு பேர் அவனைக் கேட்காமல் மாட்டுக்குக் கயிறு மாற்ற மாட்டார்கள். அந்தப் பெருமை அவன் நடையிலேயே தெரியும். அவன் பெண்டாட்டி காத்தாயி. அவள் அதிகம் பேச மாட்டாள். பேசினால் உலகனுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

ஒரே மகள் பூவாயியைப் பக்கத்து மேட்டுப்பட்டியில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். வெற்றிலை போட்டு மென்று துப்புவதற்குள் வண்டி போய்ச் சேர்ந்துவிடும். அப்படி இருந்த ஊர், ஒரு பெருமழையில் அக்கரை ஆகிவிட்டது. ஆறு கரையை உடைத்துக்கொண்டு வந்து இரண்டு ஊருக்கும் நடுவில் இருந்த பள்ளத்தில் ஏரியாகக் குடியேறியது. மழை விட்ட பிறகும் போக மாட்டேன் என்றது. வண்டித் தடம் தண்ணீருக்குள் போய்விட்டது. மலையைச் சுற்றிப் போகலாம்தான், ஆனால் அந்த வழி முழுக்கக் கல்லும் குழியும்.

இந்த நேரம் பார்த்துப் பூவாயி முழுகாமல் இருந்தாள். மலையைச் சுற்றி வந்த வளையல்காரர் ஒருவர் சம்பந்தி சொல்லிவிட்ட சேதியைக் கொண்டு வந்தார். "வளையல் அடுக்குற அன்னைக்கு வந்து பொண்ணக் கூட்டிட்டுப் போங்க. வர முடியலேன்னா பிரசவம் எங்க வீட்டுலதான்."

தலைப் பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்து வராத அப்பன் ஊருக்குள் தலை நிமிர்ந்து நடக்க முடியுமா? அதைவிட, பூவாயி பயந்தவள். வலி எடுத்தால் அம்மாவைத்தான் கூப்பிடுவாள். வயிறும் பிள்ளையுமாக இருப்பவளை அந்த மலை வழியில் குலுக்கிக் கொண்டு வரவும் முடியாது.

"ஒரு தோணி வாங்குங்க" என்றாள் காத்தாயி. "எம்மவ என் கையப் பிடிச்சுக்கிட்டுத்தான் பெத்துக்கணும்."

இருவருக்கும் தோணியைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. ஆனாலும் புறப்பட்டார்கள். தடம் போன பிறகு வண்டி எதற்கு என்று, அதையே தோணிக்கு மாற்றாகக் கொடுப்பதற்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். காத்தாயியின் மடியில் ஒரு கூடை. கூடைக்குள் முட்டைகள்மேல் படுத்த அடைக்கோழி. வீட்டில் விட்டால் கீரி கொண்டுபோய்விடும் என்று தூக்கி வந்திருந்தாள்.

ஆற்றங்கரையில் தோணி கட்டும் தச்சரிடம் மூன்று தோணிகள் இருந்தன.

முதல் தோணி பெரியது. மூக்கில் கண் எழுதி, மேலெல்லாம் மஞ்சளும் சிவப்பும் பூசியிருந்தது. உலகன் அதைச் சுற்றி வந்தான். விலாவில் தட்டினான். குனிந்து பலகையைத் தடவினான். தடவிக்கொண்டே வந்தவன் ஓரிடத்தில் நின்றுவிட்டான். மரத்தில் வட்டமாக ஒரு கணு.

"காத்தாயி, இங்க பாரு. சுழி. அதுவும் ராஜ சுழி. இது குடும்பத்தையே தூக்கி நிறுத்தும்."

சிரிக்காதீர்கள். மாடு பிடித்தே பழகிய கைக்கு மரமும் மாடுதான். தச்சரே வாயைப் பொத்திக்கொண்டுதான் நின்றார்.

மூவரும் ஏறிப் பார்த்தார்கள். மூன்றாவது ஆள் கோழி. ஆறு பேர் தள்ள வேண்டிய தோணியை இரண்டு பேர் தள்ளினால் என்ன ஆகும்? அது தன் போக்கில் திரும்பிக் கரையில் போய் இடித்தது. கோழி எழுந்து நின்று கத்தியது.

இரண்டாவது தோணி ஒல்லி. காற்றாகப் பறக்கும் என்றார் தச்சர். உலகன் ஒரு காலைத்தான் வைத்தான், அது ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. கோழி பறந்து அவன் தலைப்பாகைமேல் ஏறிக்கொண்டது.

மூன்றாவது தோணி குட்டை. அகலமான வயிறு, தண்ணீர் புகாமல் கீல் பூசிய கறுப்பு உடம்பு, ஒரு பொட்டுச் சாயம் கிடையாது. அதில் ஏறி உட்கார்ந்தார்கள். தோணி ஒருமுறை அசைந்து அடங்கியது. கோழி ஒருமுறை கொக்கரித்துவிட்டு முட்டைகளை இழுத்து வைத்துக்கொண்டு கண்ணை மூடியது.

"இதுதான்" என்றாள் காத்தாயி.

"இந்தத் தொட்டியா? சம்பந்தி வீட்டு வாசல்ல இதையா கொண்டுபோய் நிறுத்தச் சொல்ற?"

"சம்பந்தி ஏறப் போறதில்லீங்க. பூவாயி ஏறப் போறா. அடைக்கோழி உக்காந்த எடத்துல பிள்ளைத்தாச்சியும் உக்காருவா."

கோழியைக் கேட்டுத் தோணி வாங்கியவர்களை அன்றைக்குத்தான் தச்சர் பார்த்தார். வண்டியை வாங்கிக்கொண்டு, தன் ஆளை வைத்தே தோணியை ஏர்க்குடி வரை தள்ளிக் கொண்டுவந்து விடச் சொன்னார். உலகன் வரும் வழியெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தான். அதோடு விட்டானா? வழியில் எதிர்ப்பட்ட மேட்டுப்பட்டி ஆள் ஒருவனைப் பார்த்து, "தச்சர்கிட்ட ராஜ சுழி உள்ள தோணி ஒண்ணு நிக்குது, யோகக்காரன் வாங்கிக்குவான்" என்று சொல்லியும் வைத்தான்.

அப்புறம் ஓட்டப் பழகினார்கள். முன்னால் காத்தாயி கழி ஊன்றித் தள்ளினாள். பின்னால் உலகன் சுக்கானைப் பிடித்தான். நடுவில் கோழிக் கூடை. கோழி எழுந்திருக்காமல் ஏரியைக் கடக்கிற அன்றைக்குத்தான் பூவாயியை அழைத்துவரப் போவது என்று காத்தாயி முடிவாகச் சொல்லிவிட்டாள்.

முதல் நாள் வலது பக்கம் திரும்ப வேண்டியிருந்தது. மூக்கணாங்கயிற்றை இழுக்கிற பழக்கத்தில் உலகன் சுக்கான் கட்டையை வலது பக்கம் இழுத்தான். தோணி இடது பக்கம் போனது. இன்னும் பலமாக இழுத்தான். அது இன்னும் வேகமாகப் போய்க் கோரைப் புதருக்குள் புகுந்துகொண்டது. கோழி எழுந்து கத்தியது.

இரண்டாம் நாள் துவைக்கிற கல் எதிரே வந்தது. உலகன், "ஹோ, ஹோ" என்றான். மாடாக இருந்தால் நின்றிருக்கும். தோணி போய் முட்டியது. கோழி எழுந்து கத்தியது.

மூன்றாம் நாள் தூரத்தைப் பார்க்க வேண்டும் என்று, வண்டியில் ஏறி நிற்பதைப் போலத் தோணியின் விளிம்பில் ஏறி நின்றான். இந்த முறை கோழி கத்துவதற்கு முன்னால் அவன் கத்தினான், தண்ணீருக்குள் இருந்துகொண்டு.

"இது சண்டித் தோணி" என்றான் கரையேறி. "இதுக்கு மாட்டைக் குத்துற தார்க்குச்சிதான் சரி."

காத்தாயி வேட்டியைப் பிழிந்து கொடுத்தாள். "இதுக்கு மூக்கும் இல்ல, கயிறும் இல்ல. நீங்க மாட்ட ஓட்டிக்கிட்டு இருக்கீங்க, தோணி தனியாப் போய்க்கிட்டு இருக்குது. தெரியலேன்னா தெரியலேன்னு சொல்லுங்க. பொறந்த பிள்ளைக்கும் ஒண்ணும் தெரியாது, அதுக்காக யாரும் அதைப் பார்த்துச் சிரிக்கிறதில்ல."

உலகன் வேட்டியை வாங்கி உதறினான். அந்த வார்த்தையை அவன் வாய் இதுவரை சொன்னதே இல்லை. பிறகு தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, "எனக்குத் தெரியல காத்தாயி" என்றான். சொன்ன பிறகு தோள் பாரம் இறங்கினாற்போல இருந்தது.

மறுநாளிலிருந்து அவன் மாட்டை மறந்தான். துவைக்கிற கல் வரைக்கும் போய்த் திரும்பினார்கள். அது கைவந்ததும் ஒற்றைப் பனை வரைக்கும். அதுவும் கைவந்ததும் நடு ஏரி மணல்திட்டு வரைக்கும். போக வேண்டிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் கட்டையைத் தள்ளவும், நிறுத்த வேண்டிய இடத்துக்கு வெகு முன்னாலேயே வேகத்தைக் குறைக்கவும், உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்கவும் பழகினான். ஒரு நாள் அக்கரை வரை போய்த் திரும்பி வந்தார்கள். கூடைக்குள் எட்டிப் பார்த்தால், கோழி தூங்கிக்கொண்டிருந்தது.

வளையல் அடுக்குகிற நாள் வந்தது. வீட்டைச் சுற்றுகிற கீரி இன்னும் உயிரோடுதான் இருந்தது. அதனால் கோழியும் கூடையோடு ஏறிக்கொண்டது.

மேட்டுப்பட்டிக் கரையில் ஊரே கூடி நின்றது. சம்பந்தி தலையில் பட்டு உருமாலோடு நின்றார். அவருக்குப் பக்கத்தில் நின்றது எது தெரியுமா? மஞ்சளும் சிவப்புமாக, மூக்கில் கண் எழுதிய அதே பெரிய தோணி. உலகன் சொல்லிவிட்டு வந்த வார்த்தை அவர் காதுக்குப் போய், சுழிக்கு ஆசைப்பட்டு வாங்கியிருந்தார்.

பூவாயி கை நிறைய வளையலோடு வந்தாள். சம்பந்தி கறுப்புத் தோணியைப் பார்த்து முகம் சுளித்தார்.

"எம் மருமவ இந்தத் தொட்டியிலயா போவா? சம்பந்தி, நம்ம ராஜ சுழித் தோணியில ஏறுங்க. தள்ளுறதுக்கு ஆள் தர்றேன். நீங்களே சுக்கானப் பிடிங்க. ஊர் பார்க்கட்டும்."

உலகனுக்குக் கை அரித்தது. எத்தனை நாள் நினைத்து ஏங்கிய தோணி! ஊரே பார்க்கிறது. மகளும் பார்க்கிறாள். ஒரு கை அவள் வயிற்றின்மேல் இருந்தது. அன்றைக்கு அந்தத் தோணியில் கோழி எழுந்து கத்தியது அவன் நினைவுக்கு வந்தது.

"மன்னிச்சுக்கங்க சம்பந்தி. எனக்கு அதை ஓட்டத் தெரியாது" என்றான் உலகன். "இந்தத் தொட்டி மட்டுந்தான் தெரியும்."

கூட்டம் சிரித்தது. உலகன் காது சிவந்தது. ஆனாலும் மகளைக் கைப்பிடித்து ஏற்றி, நடுவில், கோழிக் கூடைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தான்.

சம்பந்திக்கு ரோஷம் வந்துவிட்டது. சீர்த் தட்டுகளை எல்லாம் பெரிய தோணியில் ஏற்றி, ஆறு பேரைத் தள்ளச் சொல்லித் தானும் பின்னாலேயே வந்தார். நடு ஏரியில் மேல்காற்று எழுந்தது. அலை எழும்பியது. பூவாயி அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். உலகன் வந்த அலைக்கெல்லாம் தோணியின் மூக்கைக் காட்டிக் கட்டையை மெல்ல மெல்லத் தள்ளினான். தோணி ஏறியது, இறங்கியது, ஏறியது.

அந்த நேரத்தில் கூடைக்குள் கீச்சென்று ஒரு சத்தம் கேட்டது. பூவாயி குனிந்து பார்த்தாள். முட்டை ஓட்டை உடைத்துக்கொண்டு ஒரு குஞ்சு தலையை நீட்டியது. கோழி இருந்த இடத்தைவிட்டு அசையவே இல்லை. பூவாயி பயத்தை மறந்து சிரித்துவிட்டாள். மகளின் சிரிப்பைக் கேட்ட உலகனுக்குக் கண் கலங்கியது.

அவளையும் கோழிக் கூடையையும் கரையில் இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், பெரிய தோணி மணல்திட்டில் ஏறி உட்கார்ந்திருந்தது. ஆறு பேரும் ஆறு பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார்கள். இடித்த இடியில் ராஜ சுழி பெயர்ந்து விழுந்து, அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. முழங்கால் தண்ணீரில் நின்றபடி சம்பந்தி பழத் தட்டைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தார்.

உலகனும் காத்தாயியும் திரும்பிப் போனார்கள். திட்டின்மேல் நின்ற ஆட்களுக்கு ஆபத்தில்லை. ஆனாலும் சம்பந்தியை அப்படி விட முடியுமா?

சம்பந்தி பழத் தட்டோடு கறுப்புத் தோணியில் ஏறினார். எங்கே உட்காருவது என்று தயங்கினார்.

"கோழி இருந்த எடத்துல உக்காருங்க" என்றாள் காத்தாயி. "அது மாதிரியே அசையாம இருங்க."

சம்பந்தி அப்படியே உட்கார்ந்தார். பாதி வழியில் மெதுவாகக் கேட்டார். "ராஜ சுழின்னு சொன்னாங்களே?"

"அதைச் சொன்னவன் நாந்தான் சம்பந்தி" என்றான் உலகன். "மாட்டுக்குச் சுழி பார்க்கத் தெரியும். மரத்துக்குத் தெரியாது. அன்னைக்கு அதைச் சொல்லத் தெரியாமப் போச்சு."

சம்பந்தி அவனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "குலுங்காதீங்க" என்று காத்தாயி ஒரு அதட்டல் போட்டாள்.

பூவாயிக்குத் தாய் வீட்டில் சுகப் பிரசவம் ஆனது, அம்மா கையைப் பிடித்துக்கொண்டே. பேத்தியை முதல்முதலாக அக்கரைக்குக் கொண்டுபோனதும் அந்தக் கறுப்புத் தோணிதான். இந்த முறை சம்பந்தி தன் பெரிய தோணியை அனுப்புகிறேன் என்று சொல்லவில்லை.

இந்தக் கதை சொல்லும் நீதி இதுதான்: தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு சிறியதில் தொடங்குகிறவனே, தன்னை நம்பி ஏறியவர்களைப் பத்திரமாகக் கரை சேர்ப்பான்.