ரகோத்தமன் தலையாட்டினார்

வீடியோவில் இருப்பவர் சம்மதிக்கிறாரா, மறுக்கிறாரா என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் ராசிபுரம் கோகிலவாணியின் வேலை. தலையை இருபக்கமும் சாய்த்தவர்களையெல்லாம் அவள் 'சம்மதம்' என்று குறித்திருந்தாள். பெங்களூரிலிருந்து மேலாளர் ரகோத்தமன் வந்து இறங்கினார்.

"உலகம் முழுக்க அது மறுப்பு. மிஷினும் அதைத்தான் சொல்லுது. மிஷின் தப்புப் பண்ணாது. சாயங்காலத்துக்குள்ள நீ குறிச்ச நாலாயிரம் வீடியோவையும் மாத்து. இல்லேன்னா நாளைக்கு வராதே."

"சரிங்க சார்." மேஜைக் கேமராவை அவர் பக்கம் லேசாகத் திருப்பினாள். "மதியம் உங்களுக்கும் சாப்பாடு சொல்லிரட்டுங்களா?"

செல்போனிலிருந்து நிமிராமலே ரகோத்தமன் தலையை இருபக்கமும் சாய்த்தார்.

இரண்டரை மணிக்கு மற்றவர்கள் சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு வந்தார்கள். "என் சாப்பாடு எங்கே?" என்றார் ரகோத்தமன்.

கோகிலவாணி திரையைக் காட்டினாள். கேமராவில் பதிந்திருந்த அவர் தலையாட்டலுக்குக் கீழே மிஷின் 'மறுப்பு' என்று குறித்திருந்தது.

"வேணும்னு சொன்ன மாதிரிதான் எனக்குப் பட்டுச்சுங்க சார். ஆனா மிஷின் தப்புப் பண்ணாதுன்னீங்களே."

பக்கத்து மேஜையில் யாரோ இருமினார்கள்.

"அப்ப நான் குறிச்சதெல்லாம் அப்படியே இருக்கட்டுங்களா?"

அவர் தலை ஒருபக்கம் சாய்ந்தது. கேமராவைப் பார்த்ததும் அங்கேயே நின்றது.

"இருக்கட்டும்" என்று வாயைத் திறந்து சொன்னார்.