நாச்சிமுத்துவுக்குப் போன ஆறு எண்கள்

டீச்சருக்கு வயது முப்பத்தாறு. சீடருக்கு அறுபத்துநான்கு.

சங்ககிரியில் டயர் கடைகள் முடிகிற இடத்தில் கோகிலவாணி டீச்சர் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தார். அங்கே முதல் பெஞ்சில் உட்கார்ந்து, ஓய்வுபெற்ற லாரி டிரைவர் சென்னியப்பன் நான்கு வருஷமாகப் பாடம் கேட்டுக்கொண்டிருந்தார். டைப் அடிக்கக் கற்றுக்கொள்ள மூன்று மாதம் ஆயிற்று. மீதி நாளெல்லாம் அவர் கேள்வி கேட்பதற்காக வந்தவர்.

டீச்சர் அதிகம் பேச மாட்டார். எதைக் கேட்டாலும் ஒரு பட்டனை அமுக்கிக் காட்டுவார். பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

சென்னியப்பன் எதையும் மறக்கிற ஆள் இல்லை. முப்பது வருஷத்துக்கு முன்னால் நாக்பூர் பக்கம் ஒரு ஓட்டலில் அவருக்குப் புளித்த தயிரை ஊற்றிவிட்டார்கள். அதற்கப்புறம் அந்த வழியாகப் போன ஒவ்வொரு தடவையும் ஓட்டல் வாசலில் வண்டியை நிறுத்தி, இறங்காமல், ஹாரனை மட்டும் நீளமாக அடித்துவிட்டுப் போவார். கோபமும் வண்டி மாதிரிதான், தினம் ஒரு தடவை கிளப்பிப் பார்க்காவிட்டால் பேட்டரி இறங்கிவிடும் என்பது அவருடைய எண்ணம்.

சர்க்கரை வியாதி அவருடைய இடது பாதத்தில் பாதியைக் கொண்டுபோய்விட்டது. லைசென்ஸும் அதோடு போயிற்று. மிஞ்சியது வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு லாரி விளையாட்டு. மேஜையில் திருகி வைத்த சின்ன ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு தினமும் காலை ஆறு மணிக்கு லோடு ஏற்றிக் கிளம்புவார். அதில் கிளச்சுக்குக் கால் வேண்டியதில்லை. மழை பெய்யும், மலைப்பாதை வரும், செக்போஸ்டில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். எட்டு மணிக்கு லோடை இறக்கிய பிறகுதான் இட்லித் தட்டைத் தொடுவார். அந்த விளையாட்டோடு சேர்த்து மொத்தம் பதினான்கு விளையாட்டுகள் வாங்கி வைத்திருந்தார். மற்ற பதின்மூன்றும் பேருக்குத்தான்.

ஒருநாள் திரையில் ஓர் அறிவிப்பு வந்தது. இந்த மெஷின் பழையதாகிவிட்டது, இதில் இருக்கிற சிஸ்டத்தை இனி நாங்கள் கவனிக்க மாட்டோம், புது மெஷின் வாங்கிக்கொள்ளவும் என்று. சென்னியப்பனுக்கு உச்சந்தலை சூடாகிவிட்டது. நன்றாக ஓடுகிற வண்டியை ஓரங்கட்டச் சொல்ல இவன் யார் என்று கேட்டுக்கொண்டே மெஷினை ஆட்டோவில் ஏற்றிச் சென்டருக்கு வந்து சேர்ந்தார்.

டீச்சர் முழுவதும் கேட்டுக்கொண்டார். பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்தை எடுத்துவிட்டு, எல்லோருக்கும் சும்மாவே கிடைக்கிற லினக்ஸைப் போட்டுத் தருவதாகச் சொன்னார். அதற்கு முன்னால், விளையாட்டுக் கணக்கின் பாஸ்வேர்டை எழுதி வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார். அந்தக் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருந்த வேகத்தில் சென்னியப்பன் தலையை ஆட்டிவிட்டார். உண்மையில் அப்படி ஒன்று இருப்பதே அவருக்கு நினைவில்லை. மெஷினைப் போட்டால் விளையாட்டு தானாக வந்து நிற்கும். எந்நேரமும் திறந்து கிடந்த கதவுக்குப் பூட்டு இருக்கும் என்று யார்தான் நினைப்பார்கள்?

லினக்ஸ் போட்ட மெஷின் வீடு போய்ச் சேர்ந்த மறுநாள் காலை பத்து மணிக்கு மறுபடியும் ஆட்டோ வந்து நின்றது. மடியில் மெஷினோடு இறங்கினார்.

"பதினாலும் போச்சுங்க டீச்சர்."

டீச்சர் ஒயர்களை மாட்டி மெஷினைப் போட்டார். விளையாட்டுகளை வாங்கிய கடையின் பக்கத்தைத் திறந்தார். அது பெயரையும் பாஸ்வேர்டையும் கேட்டது.

"நான் வாங்கினதுங்க அத்தனையும். என்னுதா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க."

"உங்களுதுதாங்கண்ணா."

"அப்புறம் ஏன் திறக்க மாட்டேங்குது?"

"நீங்கதான்னு அதுக்குத் தெரியலை."

இதைக் கேட்டதும் சென்னியப்பன் பெஞ்சைத் தட்டினார். ஏழு மாநிலத்து செக்போஸ்டுக்கு என்னைத் தெரியும், சங்ககிரியில் பஞ்சர் ஒட்டுகிறவன் வரைக்கும் தெரியும், நேருக்கு நேராக மூக்குக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன், இந்தப் பெட்டிக்குத் தெரியவில்லையா என்று கேட்டார். இன்னும் நிறையக் கேட்டார். டீச்சர் அது அடங்குகிற வரைக்கும் காத்திருந்தார். பிறகு, விளையாட்டுகள் எதுவும் தொலைந்துபோகவில்லை, அவை மெஷினுக்குள் இருந்ததே இல்லை, அந்தக் கடையில் அவர் பெயரில் பத்திரமாக இருக்கின்றன, சிஸ்டம் மாறியதால் வந்திருப்பது யார் என்று கேட்கிறது, அவ்வளவுதான் என்று விளக்கினார்.

"யார் சொன்னா அது நம்பும்?"

பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்ற இடத்தில் டீச்சர் ஒரு தட்டுத் தட்டினார். அதில் பதிந்திருக்கிற போனுக்கு ஆறு எண் அனுப்பலாமா என்று திரை கேட்டது. போன் நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாக நட்சத்திரங்கள். கடைசி இரண்டு எண் மட்டும் தெரிந்தது. நாற்பத்தேழு.

சென்னியப்பன் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

அது நாச்சிமுத்துவின் நம்பர்.

சென்னியப்பனும் நாச்சிமுத்துவும் இருபத்திரண்டு வருஷம் ஒரே லாரியில் ஓடியவர்கள். ஒருவர் ஓட்டும்போது மற்றவர் சீட்டுக்குப் பின்னால் படுத்துத் தூங்குவார். வேலையை விட்ட பிறகு இந்த விளையாட்டுக் கணக்கையும் சேர்ந்துதான் தொடங்கினார்கள். அப்போது சென்னியப்பனிடம் இருந்தது பட்டன் போன். அதனால் நாச்சிமுத்துவின் போனிலேயே கணக்கைத் திறந்து, அவர் நம்பரைக் கொடுத்தார்கள். சென்னியப்பன் வீட்டிலேயே, ஒரே நாற்காலியில், காலையில் இவர், மாலையில் அவர் என்று முறை வைத்து ஓட்டினார்கள்.

விளையாட்டில் சென்னியப்பனுக்கென்று ஒரு சிவப்பு லாரி இருந்தது. ஒரு லட்சம் கிலோமீட்டர், ஒரு கீறல் இல்லாமல் ஓட்டியிருந்தார். ஒருநாள் மாலை நாச்சிமுத்து அதை எடுத்துக்கொண்டு போய் மலைப்பாதையில் கவிழ்த்துவிட்டார். என்னடா இது என்று கேட்டதற்குச் சிரித்தார்.

"கேம்தானேடா" என்றார்.

பாதம் போனவனிடம் சொல்கிற பேச்சா அது? மன்னிப்பு கேட்டிருந்தால்கூட நான்கு நாளில் சரியாகியிருக்கும். சென்னியப்பன் வாசலைக் காட்டினார். நாச்சிமுத்து செருப்பைப் போட்டுக்கொண்டு போனார். அதாயிற்று இரண்டு வருஷம் நான்கு மாதம். தெருவில் இரண்டு டீக்கடை இருந்தது நல்லதாகப் போயிற்று.

இவ்வளவையும் சென்னியப்பன் மூச்சு விடாமல் சொல்லி முடித்தார். சொல்லச் சொல்லக் கோபம் புதிதாக ஏறியது. பூட்டை உடைத்துத் திறந்து கொடுங்கள் என்றார். டீச்சர் உடைக்க முடியாது என்றார். கம்பெனிக்கு எழுதலாம் என்றார். ஆனால் அவர்கள் ரசீது கேட்பார்கள், அதுவும் அந்தப் போனுக்குத்தான் போயிருக்கும்.

"அப்ப அவன் கால்ல விழச் சொல்றீங்களா?"

"விழ வேண்டாங்கண்ணா. ஆறு எண்ணைக் கேட்டாப் போதும்."

"நான் வெளிய அனுப்பினவனுங்க அவன். என் வீட்டுக்குள்ள நான் போறதுக்கு அவன்கிட்டச் சாவி கேக்கணுமா? எந்த ஊர் நியாயமுங்க இது?"

டீச்சர் நியாயம் எதுவும் பேசவில்லை. எண்ணை அனுப்பு என்ற பட்டனை அமுக்கினார்.

சென்னியப்பன் திகைத்துவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா, இப்போது அவனுக்குத் தெரிந்துவிட்டதே, நான் வாசலில் வந்து நிற்கிறேன் என்று நினைத்துக்கொள்வானே என்று பதறினார். பதறிக்கொண்டிருக்கும்போதே அவருடைய போன் அடித்தது. நாச்சிமுத்துவின் பெயரை என்றைக்கோ அழித்துவிட்டு, அந்த நம்பருக்கு வேறு பெயர் போட்டு வைத்திருந்தார். திரையில் அதுதான் மின்னியது.

எடுக்காதே.

அவர் எடுக்கவில்லை. எக்காளம் பேசத்தான் கூப்பிடுகிறான் என்றார். போன் அடித்து அடித்து ஓய்ந்தது. ஐந்து நிமிஷத்தில் அந்த எண் காலாவதியாகிவிட்டதாகத் திரை சொன்னது.

டீச்சர் மறுபடியும் அமுக்கினார்.

மறுபடியும் போன் அடித்தது. சென்னியப்பன் அதைச் சட்டைப் பைக்குள் போட்டு மேலே கையை வைத்து அழுத்திக்கொண்டார். பைக்குள் இருந்தும் அது அடித்தது. இந்த நாய்க்கு வேறு வேலை இல்லையா, ஒரு தடவை எடுக்காவிட்டால் புரிய வேண்டாமா என்று பல்லைக் கடித்தார். டீச்சர் பக்கத்து மெஷினில் தூசி தட்டிக்கொண்டிருந்தார். இரண்டாவது எண்ணும் செத்துப்போயிற்று.

டீச்சர் மூன்றாவது தடவை அமுக்கினார்.

"இதுவும் போச்சுன்னா ஒரு வாரத்துக்குப் பூட்டிக்குங்கண்ணா" என்றார்.

ஒரு வாரம் என்றால் ஏழு காலை. ஆறு மணிக்கு எழுந்து, உட்கார்ந்து, சுவரைப் பார்க்க வேண்டும். இன்றைக்குக் காலையில் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். மனைவி இரண்டு தடவை உடம்புக்கு என்ன என்று கேட்டுவிட்டார்.

போன் அடித்தது. சென்னியப்பன் அதை வெளியே எடுத்தார். நாச்சிமுத்துவைப் பிடித்தால் சொல்ல வேண்டியது என்று இரண்டு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்தார். ஒவ்வொரு வார்த்தையும் தீட்டி வைத்தது. பச்சைப் பொத்தானைத் தொட்டார்.

"நம்பரை மட்டும் சொல்லு" என்றார்.

அந்தப் பக்கத்திலிருந்து நாச்சிமுத்துவின் குரல் வந்தது.

"அஞ்சு, ரெண்டு, பூஜ்ஜியம். எழுதிக்கிட்டயா?"

"ம்."

"எட்டு, எட்டு, மூணு."

அவ்வளவுதான். நாச்சிமுத்து எக்காளம் பேசவில்லை. எதற்கு என்று கேட்கவில்லை. போனை வைக்கவும் இல்லை. சென்னியப்பன்தான் வைத்தார். வைத்த பிறகு, திட்டுகிறதற்கு அவன் இடம் கொடுத்தானா பாருங்கள் என்று அதற்கும் ஒரு கோபம் வந்தது.

டீச்சர் ஆறு எண்ணையும் அடித்தார். புதுப் பாஸ்வேர்டு போடச் சொன்னது. சென்னியப்பனையே போடச் சொல்லி, காகிதத்தில் எழுதவும் வைத்தார். பதினான்கு விளையாட்டுகளும் படம் படமாக வரிசையில் வந்து நின்றன. இந்த சிஸ்டத்தில் ஒன்றிரண்டு ஓடாமல் போகலாம் என்றார் டீச்சர். எது ஓடாவிட்டாலும் கவலை இல்லை, லாரியைப் பாருங்கள் என்றார் சென்னியப்பன். கடையிலிருந்து லாரி விளையாட்டு மெஷினுக்குள் இறங்குவதற்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. ஷெட் திறந்தது. சிவப்பு லாரி நின்றது. இடது பக்கக் கதவு நசுங்கியே இருந்தது. ஒரு பட்டனை அமுக்கினால் நேராகிவிடும். சாட்சி வேண்டும் என்று அவர் அதை அமுக்கவே இல்லை.

சென்னியப்பன் ஸ்டீயரிங் பிடிக்கிற மாதிரி இரண்டு கையையும் பெஞ்சின் மேல் வைத்தார். கண் கலங்கிவிட்டது. அது தெரிந்துவிடக் கூடாது என்று உடனே குரலை உயர்த்தினார்.

"முதல்ல அந்த நாற்பத்தேழை எடுங்க. என் நம்பரைப் போடுங்க. இனி எந்த ஜென்மத்துலயும் நான் அவன்கிட்டப் போய் நிக்கக் கூடாது."

டீச்சர் அந்தப் பக்கத்துக்குப் போனார். திரையில் வந்ததைப் படித்துச் சொன்னார். நம்பரை மாற்ற வேண்டுமானால் பழைய நம்பருக்கு இன்னும் ஒரு ஆறு எண் போகும். உங்கள் நம்பரை இந்தக் கணக்கிலிருந்து எடுக்கிறோம் என்று அதோடு எழுதியும் வரும். அதையும் நாச்சிமுத்துதான் படித்துச் சொல்ல வேண்டும்.

"சொல்லுவாருங்களா?"

"சொல்லுவான்." யோசிக்காமல் வந்தது பதில். "கேட்டாச் சொல்லிடுவான். தன்னைத்தான் எடுக்கறாங்கன்னு தெரிஞ்சாலும் சொல்லுவான். அவன் புத்தி அப்படி. அதுதானுங்க எனக்கு ஆகறதில்லை."

"அந்த ஆறு எண் உங்க போனுக்கு வந்து, அவர் கேட்டிருந்தா?"

சென்னியப்பன் தன் போனை எடுத்து, எடுக்காதே என்ற பெயரைப் பார்த்தார். வெளியே டயர் கடையில் காற்று அடிக்கிற சத்தம் கேட்டது. அது நின்றது. அவர் போனைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"அமுக்குங்க" என்றார்.

டீச்சர் கையை எடுத்துவிட்டார். மௌஸை மெதுவாக அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

சென்னியப்பனுக்கு ஆத்திரமாக வந்தது.

"வேண்டாம் வேண்டாம்னு கத்தினப்ப என்னைக் கேக்காம மூணு தடவை அமுக்கினீங்க. இப்ப நானே சொல்றேன், அமுக்க மாட்டேங்கறீங்க. இது என்னங்க டீச்சர்?"

"திறந்து விடறதுதானுங்கண்ணா என் வேலை" என்றார் டீச்சர். "பூட்டறதா இருந்தா நீங்களே பூட்டிக்குங்க."