ஜாடிகளுக்கு ராஜ விருந்து

எந்த ராஜா, எந்த ஊர் என்று கேட்காதீர்கள். முன்னொரு காலத்தில் கடலோர நாடொன்றை ஆண்டவருக்கு அயல்நாட்டுச் சரக்கென்றால் உயிர். அக்கரைச் சீமையிலிருந்து கப்பல் கப்பலாய் ஜாடிகள் வந்திறங்கின.

"உயர்ந்த உரம், அரசே! இனாமாகவே தருகிறார்கள்" என்றார் அமைச்சர் வன்மீகநாதர். கப்பல் தலைவன் அவரைத் தனியே நன்றாகக் கவனித்திருந்தான்.

உண்மையில் அது அங்கே உலோகம் உருக்கி மிஞ்சிய நச்சுக் கழிவு. அதைக் கொட்டிய மீனவக் குப்பத்தில் கிணறுகள் கசந்தன. ஆடுகள் செத்து விழுந்தன. இதை அரசரிடம் சொல்லிச் சொல்லி அரசவை விகடகவி தாண்டவராயனுக்கு நாக்குத் தேய்ந்துவிட்டது.

"எம்புள்ள உடம்பெல்லாம் கொப்புளமா கெடக்கு, சாமி. ராசா காதுல பஞ்சா வச்சிருக்காரு?" என்று குப்பத்துக் காளியாயி கேட்டபோது அவனால் தலைநிமிர முடியவில்லை.

நேரே சபைக்குப் போனான். "அரசே, அது நஞ்சு. கரையில் இறக்க விடாதீர்கள்!"

"என்மேல் பொறாமை, அரசே. அயலார் மனம் கோணினால் வாணிகம் படுத்துவிடும்" என்றார் அமைச்சர்.

அரசருக்கு எரிச்சல் மூண்டது. "போதும், தாண்டவராயா! அந்தச் சரக்கை இனி யாரும் பழிக்கக் கூடாது. அரச விருந்தாளிக்குரிய மரியாதையோடு நடத்த வேண்டும். அது உன் பொறுப்பு!"

தாண்டவராயன் தலையில் அடித்துக்கொண்டான். "உத்தரவு, அரசே."

மறுநாள் புதிதாய் வந்த ஜாடிகள் பல்லக்கேறி, மேளதாளத்தோடு அரண்மனை புகுந்தன. விருந்து மண்டபத்தில் ஜாடிக்கொரு தலைவாழை இலை. நடுவே அமைச்சருக்கும் கப்பல் தலைவனுக்கும் ஆசனம். அரசர் திகைத்து நின்றார்.

"விருந்தாளியாக நடத்தச் சொன்னீர்களே, அரசே! முகத்தை மூடிக்கொண்டா விருந்துண்பது?" என்று தாண்டவராயன் ஒரு மூடியில் கை வைத்தான்.

"திறக்காதே! ஆவி பட்டால் ஈரல் வெந்துவிடும்!" என்று கப்பல் தலைவன் அலறினான். அமைச்சர் அதற்குள் எழுந்தோடி, பட்டு வேட்டி தடுக்கி வாசற்படியில் குப்புற விழுந்தார்.

"உரத்தைக் கண்டா இந்த ஓட்டம்?" என்ற அரசர், தம்மையறியாமல் வாய்விட்டுச் சிரித்தார். "என் உத்தரவாலேயே என்னை மடக்கினாய், தாண்டவராயா!"

கொட்டியதையும் அள்ளிக்கொண்டு கப்பல் திரும்ப வேண்டும், அமைச்சரும் அதிலேயே போக வேண்டும், இனித் தாண்டவராயன் பார்க்காமல் எந்தச் சரக்கும் இறங்கக் கூடாது என்று ஆணையிட்டார். சிரிப்பு அடங்காமலே தம் முத்துமாலையைக் கழற்றி அவனுக்குப் போட்டார்.

தாண்டவராயன் சிரிக்கவில்லை. "மாலை இருக்கட்டும், அரசே. முதலில் குப்பத்துக்குக் குடிதண்ணீர் அனுப்புங்கள். பிறகு எல்லோருமாகச் சிரிக்கலாம்."