ஆறிப்போன பாயசம்

அல்லிக்கோட்டைச் சீமையை முன்னொரு காலத்தில் முத்துக்கேசரி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். தங்கமான மனிதர், கோபம் மட்டும் அவசரக் கோபம். காலையில் ஒருவனை நாடு கடத்துவார். மத்தியானம், "பேச்சுத்துணைக்கு ஆளில்லையே, அவனைக் கூப்பிடுங்கள்" என்று பல்லக்கு அனுப்புவார். காரணம் என்ன என்று என்னைக் கேட்டால், மனிதர் சூடாகச் சாப்பிட்டதே இல்லை என்பேன். விஷத்துக்குப் பயந்து, ராஜாவின் இலையில் எது விழுந்தாலும் ருசிபார்ப்பவன் முதலில் ஒரு வாய் தின்பான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகுதான் ராஜா கை வைக்கலாம். அதற்குள் நெய் உறைந்துவிடும். நாள்தோறும் ஆறின சோறு தின்றால் யாருக்குத்தான் கோபம் வராது!

ராஜாவுக்குப் பிள்ளை இல்லை. தளபதி கோதண்டராயர் தன் மகனை எப்படியாவது சுவீகாரம் கொடுத்துவிடப் பார்த்தார். மந்திரி இளையநயினாரோ, "அவசரம் என்ன, பார்க்கலாம்" என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். அதனால் தளபதிக்கு மந்திரியைக் கண்டாலே ஆகாது.

ஒருநாள் தளபதி, கை கட்டப்பட்ட ஒருவனை இழுத்துக்கொண்டு சபைக்கு வந்தார். அவன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு அவனை அப்பா என்று கூப்பிடும் சின்னப் பெண்ணொருத்தியும் கூடவே வந்தாள்.

"மகாராஜா! இவன் விடங்கன். உங்கள் அண்ணாவின் சத்திய வீரர்களில் ஒருவன். இத்தனை வருஷம் கழித்து, சந்தையில் பணியாரம் விற்றுக்கொண்டிருந்தவனைப் பிடித்தேன்."

சத்திய வீரர்கள் என்றால், ராஜாவின் உயிருக்குத் தங்கள் உயிரைப் பிணை வைத்து வாள்மேல் சத்தியம் செய்தவர்கள். ராஜா போனால் அவர்களும் போகவேண்டும். ஆயுளில் ஒரே தடவை, ஒரே வம்சத்துக்குத்தான் அந்தச் சத்தியம். முன்பு அந்த அண்ணா, அதாவது பெரிய ராஜா, போர்ப்பாசறையில் விஷம் கலந்த மோரைக் குடித்து இறந்தபோது, மற்ற வீரர்கள் எல்லாரும் அன்றே தங்கள் வாளில் விழுந்து மாண்டார்கள். விடங்கன் மட்டும் காணாமல் போயிருந்தான்.

அண்ணா பேச்சை எடுத்ததுமே ராஜா சிம்மாசனத்தை விட்டு எழுந்துவிட்டார்.

"நீ மட்டும் ஏனடா உயிரோடிருக்கிறாய்?"

"இன்னும் வேலை முடியலை, மகாராஜா."

"என்ன வேலை?"

விடங்கன் தலையைக் குனிந்துகொண்டான்.

"வேறென்ன, பணியாரம் விற்கிற வேலைதான்!" என்று தளபதி சிரித்தார்.

"நாளைக் காலை இவன் தலையை எடுங்கள்!" என்று ராஜா கத்தினார்.

பெண் அழுதாள். காவலன் ஒருவன் மனம் இளகி அவளிடம் வாழைப்பழம் ஒன்றை நீட்டினான். விடங்கன் கட்டிய கைகளாலேயே அதை வாங்கி, ஒரு கடி கடித்து, சற்றுப் பொறுத்து, பிறகுதான் அவளிடம் கொடுத்தான்.

"பார்த்தீர்களா! குழந்தையின் பழத்தைக்கூட விடமாட்டான்!" என்றார் தளபதி. சபை சிரித்தது. மந்திரி மட்டும் சிரிக்கவில்லை.

"மகாராஜா, சாகப்போகிறவனுக்கு விருந்து போடுவது நம் வழக்கமாயிற்றே. அந்தப் பெண்ணோடு சேர்த்து இங்கேயே போடலாம். தாங்களும் எதிரே அமர்ந்து சாப்பிடவேண்டும்."

"அந்தக் கோழையோடு நானா?"

"அவனோடு இல்லை, அவனுக்கு எதிரே. தாங்கள் பார்க்கவேண்டியது ஒன்று இருக்கிறது."

இலை போட்டார்கள். கட்டு அவிழ்ந்ததும் விடங்கன் தன் இலையைத் தொடவேயில்லை. பெண்ணின் இலையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தின்று, பொறுத்து, பிறகு "ம்" என்றான்.

"சீக்கிரம்பா, பாயசம் ஆறுது! ஒரு நாளாவது என்னைச் சூடா குடிக்க விட்டிருக்கியா நீ?" என்று அவள் சிணுங்கினாள்.

ராஜா நிமிர்ந்து பார்த்தார். அவர் பக்கத்திலும் ஒருவன் அவருடைய பாயசத்தில் ஒரு வாய் குடித்துவிட்டுப் பொறுத்திருந்தான்.

"உங்க வீட்லயும் இப்படித்தானா?" என்று அவள் ராஜாவைக் கேட்டாள்.

"இப்படித்தான் அம்மா. பட்டம் கட்டின நாளிலிருந்து" என்றார் ராஜா பாவமாக.

மந்திரி திரும்பினார். "தளபதியாரே, உங்கள் வீட்டில் முதல் கவளம் யாருக்கு?"

"என் பையனுக்குத்தான். அவன் மிச்சம் வைத்தால் எனக்கு."

"பெற்றவர்கள் எல்லாரும் அப்படித்தான். பிள்ளைக்கு முன்னால் தான் தின்று, தான் சாகவில்லை என்று பார்த்துக்கொண்டு கொடுக்கிறவன் காவல்காரன். இவன் ஒரே வம்சத்துக்குச் சத்தியம் செய்தவன். அப்படியானால் இவன் காக்கிற இந்தக் குழந்தை யார், மகாராஜா?"

விடங்கன் துள்ளி எழுந்தான். வாள் இல்லை; பரிமாறுகிறவனின் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு பெண்ணை மறைத்து நின்றான்.

ராஜா சொன்னார்: "கரண்டியைக் கீழே போடப்பா. நான் அவள் சித்தப்பா."

அப்புறம்தான் அவன் வாய் திறந்தது. "வயித்துல இருக்கிற பிள்ளையைக் காப்பாத்துன்னு சொல்லிட்டுத்தான் பெரிய ராஜா கண்ணை மூடினார். ராணியம்மாவைக் காட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். பிரசவத்துல அவங்களும் போய்ட்டாங்க. மோர்ல விஷம் வெச்ச கை எதுன்னு தெரியாம, இவளை நான் யாரை நம்பிக் கொடுப்பேன்?"

"அண்ணி ஆற்றோடு போய்விட்டார் என்றல்லவா நினைத்தோம்! அடப்பாவி, விஷம் வைத்தவன் எதிரியின் ஆள். அவனை அந்த மாதமே பிடித்துவிட்டோமே!"

விடங்கன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். "அப்போ இத்தனை வருஷமும் பிள்ளை சூடா சாப்பிட்டிருக்கலாமே" என்று தேம்பித் தேம்பி அழுதான்.

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரியின் கழுத்தில் போட்டார். கோதண்டராயர் மெல்ல முன்னால் வந்தார். "பிடித்துவந்தது நான்தானே, மகாராஜா?"

"அதனால்தான் உம் தலை தப்பியது. குழந்தையின் பழத்தைப் பார்த்துச் சிரித்தீரே, இன்றுமுதல் நீர்தான் ருசிபார்ப்பவர். அடுப்படியிலேயே, கொதிக்கக் கொதிக்கப் பார்த்துவிடும். எங்கள் இலைக்கு எல்லாம் சூடாக வரவேண்டும்!"

அதற்குப் பிறகு தளபதியின் வெந்த நாக்கு யாரைப் பற்றியும் கோள் சொல்லவில்லை.

புதுப் பாயசம் ஆவி பறக்க வந்தது. பழக்கதோஷத்தில் விடங்கனின் கை அந்தக் கிண்ணத்துக்கு நீண்டது. பெண் அதைத் தட்டிவிட்டு, ஊதி ஊதிக் குடித்து, நாக்கைச் சுட்டுக்கொண்டு சிரித்தாள். பாதிக் கிண்ணத்தில் நிறுத்தி அவனிடம் நீட்டினாள்.

"போதும்பா. மிச்சம் உனக்கு."

விடங்கன் அதை இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தான்.