ஒரே வாசலில் இரண்டாம் முறை

மலையடிவாரத்து மடம் ஒன்றில் ஏழைகளுக்கு இலவசமாகக் கண்புரை அறுவை செய்துவந்தார்கள். அதற்கு நன்கொடை திரட்டுகிற பொறுப்பு சீடன் திருமேனியிடம் இருந்தது. காவி கட்டுமுன் அவன் சோப்பு கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதி. உடை மாறியதே தவிரப் பழக்கம் மாறவில்லை. மாதத்துக்கு எத்தனை புது ஊர், எத்தனை புது வீடு என்று சுவரில் கோடு போட்டு வைத்திருந்தான். கோடு ஜோராக மேலே ஏறிக்கொண்டிருந்தது.

பணம்தான் போதவில்லை. தைக்குள் திரளாவிட்டால் அறுவைக் கூடத்தை மூட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வெளியே பார்வை மங்கியவர்கள் சுவரைத் தடவிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். 

திருமேனி குருவிடம் போனான். "சாமி, இன்னும் எத்தனை ஊருக்குத்தான் போறது?"

"போன வருஷம் குடுத்தவங்க இந்த வருஷம் குடுத்தாங்களா?"

"அவங்ககிட்ட போகவே இல்லையே! ஒரே வாசல்ல ரெண்டாம் தடவை கையேந்துறது துறவிக்கு அழகா?"

"கையேந்தாதே. ரசீது புத்தகத்தை இங்கேயே வச்சிட்டு, செவந்தியைக் கூட்டிட்டுப் போ."

செவந்தி போன வருஷம் இங்கே பார்வை பெற்ற சித்தாள். இருவரும் முதலில் எண்ணெய் ஆலை முதலாளி கடற்கரையாண்டி வீட்டுக்குப் போனார்கள். அவர் முகத்தைச் சுளித்தார்.

"மறுபடியும் வசூலா?"

"இல்லீங்க. நீங்க குடுத்த பணத்துல கண்ணு தெரிஞ்சவங்க இவங்க. சொல்லிட்டுப் போகலாம்னு வந்தோம்" என்றான் திருமேனி.

செவந்தி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "ஐயா, சட்டைப் பித்தானை மாத்திப் போட்டிருக்கீங்க."

முதலாளி குனிந்து பார்த்தார். வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு அடங்குமுன் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"அந்தப் பணம் என்னாச்சுன்னு ஒருத்தரும் வந்து சொன்னதில்லம்மா" என்றார்.

யாரும் கேட்கவில்லை. அவரே கொடுத்தார். போதாததற்குச் சந்தைக் கடைக்காரர்களையும் இழுத்துக்கொண்டு வந்தார்.

அதன்பிறகு திருமேனி பழைய வீடு ஒன்றையும் விடவில்லை. பார்வை பெற்ற யாரையாவது அழைத்துக்கொண்டு படியேறினான். தை பிறந்தபோது கூடத்தை மூடுகிற பேச்சே இல்லை. பக்கத்திலேயே இரண்டாவது கூடம் திறந்தார்கள்.

புதுக் கூடத்தில் அறுவை செய்துகொண்டவர்களுக்குக் கண் கட்டு அவிழ்த்த அன்று முற்றத்தில் ஒரே கூச்சல். பெண்கள் குலவையிட்டார்கள். ஒரு கிழவர் மனைவியின் முகத்தைக் கையில் ஏந்தி, "ஏண்டி இப்படி இளைச்சிட்டே?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். திருமேனிக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய்ச் சுவரிலிருந்த கோடுகளின்மேல் சுண்ணாம்பு அடித்துவிட்டு, அதே கையோடு குருவிடம் வந்து நின்றான்.

"சாமி, இனிமே நம்ம வேலையை எதை வச்சு அளக்குறது? சுவத்துல என்ன எழுதட்டும்?"

குரு அவன் மூக்கில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் துடைத்துவிட்டார்.

"அடுத்த வருஷம் நீ போகலைன்னா எத்தனை வீட்டுல கோவிச்சுக்குவாங்களோ, அதை எழுது."